வயிறு நிறைந்தால் தொடாது என்று நினைத்தேன்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பின்சுவர் மேல் வந்து நின்றது கயோட்டி, அந்தக் காட்டு நாய். பள்ளி விட்டு வந்த நேரம், நல்ல வெளிச்சம். நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிட ஒல்லி. கை தட்டினேன். போகவில்லை. என் காலடியில் என் குட்டி நாய் பிஸ்கட் குரைத்துக்கொண்டே நடுங்கியது. அண்ணன் வேட் ஜன்னலிலிருந்து, "உன் நாய் அதுக்கு ஒரு வாய்க்குக் காணாதுடி" என்றான். சிரிப்பு வேறு.

மார்ச் 6

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது: மூன்று வாரமாகச் சுவருக்கு வெளியே, மணல் ஓடைப் பக்கம், பிஸ்கட்டின் தீனியில் ஒரு கிண்ணம் கொட்டி வருகிறேன். கயோட்டிக்கு வயிறு நிறைந்தால் பிஸ்கட்டைத் தொடாது. தொடாதுதானே?

மார்ச் 7

இன்று இரண்டு கிண்ணம்.

மார்ச் 10

பக்கத்து வீட்டு மிசஸ் ஒர்டேகாவின் பூனையைக் கயோட்டி தூக்கிப் போய்விட்டது. வாசல் படியில் வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம். கழுத்துப்பட்டை மட்டும் கிடைத்தது — நான் தீனி கொட்டும் இடத்தில்.

"யாரோ தீனி வெச்சுப் பழக்கியிருக்காங்க, கர்ட். இல்லேன்னா படியேறி வருமா?" என்று அப்பாவிடம் அழுதார்.

"பொறி வைக்கிற ஆள் வியாழக்கிழமை வரான்" என்றார் அப்பா. பொறியில் மாட்டினால் கொன்றுவிடுவார்கள்.

ஐயோ, நான்தானே. நான்தான். சொன்னா அவங்க என் மூஞ்சியில முழிப்பாங்களா? சொல்லலேன்னா — அது சாகும். இல்லே, அதுக்கு முன்னாடி பிஸ்கட்டா?

மார்ச் 12

அப்பாவிடமும் மிசஸ் ஒர்டேகாவிடமும் சொல்லிவிட்டேன். மிசஸ் ஒர்டேகா உள்ளே போய் வாணலியும் கரண்டியும் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "ஆளை வர வேணாம்னு சொல்லு, கர்ட். பழக்கினவளே சத்தம் போட்டுத் துரத்தட்டும். மனுஷங்களைக் கண்டு பயந்தா அது பிழைச்சுக்கும்."

மார்ச் 13

சாயங்காலம் வந்தது. என்னைக் கண்டதும் காதைத் தூக்கிக்கொண்டு காத்து நின்றது.

"பாவம் பாக்காத, ஜோலீன். வாணலியில அடி! கத்து! திரும்பி மட்டும் ஓடிடாத" என்றார் மிசஸ் ஒர்டேகா, தோளோடு தோளாக நின்று.

அடித்தேன். இரண்டடி தள்ளிப் போய் என்னையே பார்த்தது. கைகளை உயர்த்தி, தொண்டை கிழியக் கத்தி, அதை நோக்கியே நடந்தேன். கொல்லையில் வைக்கும் பிஸ்கட்டின் தீனியையும் இனி வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும்.

மார்ச் 15

வந்தது. அடித்தேன்.

மார்ச் 27

பள்ளிப் பேருந்தை விட்டு இறங்கினால், தெருமுனையில் நிற்கிறது. என் கையில் புத்தகப் பை மட்டும். நான் வாயே திறக்கவில்லை. அது என்னை அடையாளம் கண்டு, ஓடைக்குள் பாய்ந்து ஓடியது.

வீட்டில் சொன்னதும், "பயந்துட்டியா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா. அதுதான் பயந்துச்சு" என்றேன். என்னைக் கண்டு காதைத் தூக்கிக் காத்து நின்ற அதே மிருகம் என்று நினைத்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.