என் மீசையும் வேராவின் அட்டைப்பெட்டியும்

11 டிசம்பர் 1988, ஞாயிறு

இன்று தொடங்கி இந்த நோட்டில் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று அந்தோணியார் சாட்சியாகப் பிரமாணம் செய்கிறேன். என் அக்காள் பிள்ளைகள் இப்போதே நம்புவதில்லை. "அருள்தாஸ் மாமா சொல்றதுல பாதியக் கழிச்சிட்டு மீதிய மறந்துடணும்" என்பது அவர்கள் இயற்றிய சட்டம். போகட்டும். எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பேக்டரியில் எங்கள் பிரிவுக்கு ரஷ்யாவிலிருந்து வந்திருக்கும் என்ஜினீயர் நிக்கலாய். எட்டரை அடி உயரம். அவர் மனைவி வேரா ஆவடிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வந்தது மூன்றே முறை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் கயிறு போட்டு இறுக்கிய பெரிய அட்டைப்பெட்டி ஒன்று. மேலே அவர்கள் எழுத்தில் அவள் அம்மா வீட்டு விலாசம். ஜனவரி 27 விமானத்தில் அவள் மட்டும் திரும்பிப் போகிறாளாம். அவருக்கு இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி.

"பனி இல்லாம வருஷம் எப்படிப் பொறக்கும்னு அந்தம்மா கேக்குது சார். எனக்கு பதில் தெரியல" என்றார் மொழிபெயர்ப்பாளர் ஜானகிராமன்.

நிக்கலாய் மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கிறார், பார்க்கிறார், மூடிவிடுகிறார்.

12 டிசம்பர்

வாய் சும்மா இருந்ததா? கேன்டீனில் பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டேன்: "அந்தம்மா போகாது. நம்ம ஊர்ல இல்லாத குளிரா? நான் காட்டுறேன்."

பக்கத்து லேத் குணசேகரன் விடுவானா? "போய்ட்சுன்னா இன்னா குடுப்ப அண்ணாத்தே?"

"மீசை."

சாதாரண மீசையா? அம்பத்தூரில் ரயிலை விட்டு இறங்கினால் இதன் இடது முனை தெரியும். வலது முனையைப் பார்க்க திருமுல்லைவாயிலில் இறங்கவேண்டும்.

15 டிசம்பர்

விடியற்காலை ஐந்தரைக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரையும் பால் பூத்துக்கு அழைத்துப் போனேன். ஜானகிராமனும் கூட வந்தார். என் மேல் இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், தலையில் உச்சிக் குஞ்சம் வைத்த மங்கி கேப். வரிசை முழுக்க அப்படியே நின்றது. பால் கவர்கள் உறைந்து செங்கல்லாகி, இரண்டு பேர் அதை வாங்கிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வேரா கையில்லாத கவுனில் வந்திருந்தாள். நிக்கலாய் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து, "இருபத்தொன்று" என்று விரலால் காட்டினார். வேரா என் குஞ்சத்தைத் தொட்டு ஏதோ கேட்டாள்.

"ஒடம்பு சரியில்லையான்னு கேக்குது சார்" என்றார் ஜானகிராமன்.

சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் தடவையாம். என் மானம் போனது. பரவாயில்லை, மீசை இருக்கிறது.

24 டிசம்பர்

நூம்பலில் என் சிநேகிதன் துலுக்கானம் கொல்லையில் சவுக்கு மரத்தின் நுனியை வெட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சைக்கிள் ஆவடி வந்து சேர்ந்தபோது மரத்தின் நுனி பூந்தமல்லியைத் தாண்டவில்லை.

கிறிஸ்மஸ் மரம் என்று கொண்டுபோய் நிறுத்தினால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் மரம் வைப்பது புது வருஷத்துக்காம். ஒரு வாரம் முன்னால் வந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் வாளித் தண்ணீரில் வைத்துவிட்டு வந்தேன்.

25 டிசம்பர்

பூசை. பிரியாணி. கேக் கொடுத்தனுப்பினோம். வேரா வாசலுக்கே வரவில்லை.

31 டிசம்பர்

சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சவுக்கு நுனி கொஞ்சம் பழுத்திருந்தது, ஆனாலும் நின்றது. வேரா அந்த அட்டைப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, அடியில் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடி உருண்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். பனிக்குப் பதில் பஞ்சு. அது எங்கள் தலையணைப் பஞ்சு, என் மனைவி ஞானகுமாரி கொண்டுபோனது.

பக்கத்து வீட்டு லோகநாயகி எட்டிப் பார்த்துவிட்டு ஞானகுமாரியின் காதில், "பாவம், ஒரு வாரம் லேட்டா கொண்டாடுறாங்க. சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படும்" என்றாள். பிறகு வேராவின் கையைப் பிடித்து "ஹேப்பி கிறிஸ்மஸ்" என்றாள்.

திரும்பும்போது பார்த்தேன். பெட்டியில் மறுபடி கயிறு கட்டியிருந்தது.

3 ஜனவரி 1989

ஞானகுமாரி பகலில் அங்கேதான் இருக்கிறாள். இவள் தமிழில், அவள் ரஷ்யனில். என்ன பேசினாய் என்றேன். "உங்களப் பத்தியா பேசுவோம்? வேற வேலை இல்லையா?" என்றாள். ஆகவே என்னைப் பற்றித்தான். கத்தரிக்காய் வதக்க வேரா தன் ஊர் இரும்புச் சட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்தாளாம்.

7 ஜனவரி

பழைய காலண்டர் கணக்குப்படி இன்றுதான் அவர்கள் கிறிஸ்மஸாம். வேராவின் அம்மா ஊரில் சத்தமில்லாமல் கொண்டாடுவாளாம். இதோடு இரண்டு கிறிஸ்மஸ், ஒரு புது வருஷம். எனக்கு லீவு தீர்ந்தது.

வேரா ஞானகுமாரிக்கு ஒரு கம்பளிச் சால்வை போர்த்திவிட்டாள். இவள் அதைக் கழற்றமாட்டேன் என்கிறாள். மத்தியான வெயிலில் போர்த்திக்கொண்டு மீன் வாங்கப் போனாள்.

நிக்கலாயின் பனியன்கள் வராந்தாவில் காய்கின்றன. புதுக் கொடி கட்டியிருக்கிறார்கள். கயிறு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

10 ஜனவரி

டிக்கெட் இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம். ஜானகிராமன் சொன்னார்.

"பார்பர் கத்திய தீட்டிகினு கீறான் மாமே. டைம் சொல்லு" என்றான் குணசேகரன்.

சிரித்தேன். உள்ளே சிரிப்பு இல்லை. மீசை போனா முளைக்கும். அந்த மனுஷன் ராத்திரிச் சோத்துக்கு யார் எதிர்ல உக்காருவார்? ரெண்டு வருஷம். நான் ஏன் வாய விட்டேன்—

13 ஜனவரி, போகி

விடிவதற்கு முன்பே லோகநாயகி வீட்டு வாசலில் நெருப்பு. கிழிந்த பாய், உடைந்த முறம். பிள்ளைகள் தப்பட்டை அடித்தார்கள். நாங்கள் சர்ச்சுக்காரர்கள்தான்; ஆனால் என் பழைய தலையணை உறைக்கு மதம் கிடையாது, அதையும் போட்டேன்.

சத்தம் கேட்டு நிக்கலாயும் வேராவும் வந்தார்கள். பழசைக் கொளுத்துகிற நாள் என்று ஜானகிராமன் சொன்னார். வேரா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பழைய கணக்கில் அவர்களுக்கும் இன்றுதான் வருஷக் கடைசி நாள் என்றாளாம். உள்ளே போனாள். உருண்டைகளை எல்லாம் கழற்றிவிட்டு, காய்ந்த சவுக்கைக் கொண்டுவந்து போட்டாள். அது படபடவென்று எரிந்து, தீ வானத்தைத் தொட்டு, போய்க்கொண்டிருந்த விமானம் ஒன்று வழி மாறியது.

மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை அட்டைப்பெட்டியை வாசற்படியில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

நிக்கலாய் அசையவில்லை. அவள் என்னைப் பார்த்து, ஞானகுமாரி கற்றுக்கொடுத்த தமிழில், "அண்ணே, பிடி" என்றாள். பிடித்தேன். விலாசம் மேலே தெரியப் போட்டோம். எழுத்து ஒவ்வொன்றாகக் கருகியது. நிக்கலாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகை என்று சைகை காட்டினார். புகைதான்.

எட்டரை அடி பொய். பூந்தமல்லி வரை நீண்ட மரம் பொய், பால் செங்கல் பொய், விமானம் வழி மாறியது பெரும் பொய். பிள்ளைகள் பாதியென்ன, முழுதும் கழித்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்று நிஜம். அந்தப் பெட்டியின் ஒரு மூலையை நான் தூக்கினேன். கனமே இல்லை.