நாகிக்குப் புட்டிப்பால் போதும்

நாகசாகி,
ஜூன் மாதம், திங்கள்

அன்புள்ள சிகுசாவுக்கு,

கடிதத்தைப் பருவநிலையில் ஆரம்பிக்க வேண்டும் என்பார்கள். மழை பெய்கிறது. கப்பல்துறையில் நனைந்துகொண்டே வெல்டிங் சோதிக்கிறேன். பருவநிலை முடிந்தது.

போனில் பேச வழியில்லை. நீ எடுத்தாலே அத்தை பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

நேற்று போனில் நீ அழுதுகொண்டே சொன்னதில் பாதிதான் புரிந்தது. பால் கட்டிக் காய்ச்சலில் நீ அயர்ந்திருந்தபோது அத்தை நாகியைத் தூக்கி உன் மார்பில் போட்டுவிட்டார்கள், குழந்தையும் குடித்துவிட்டாள். அப்படித்தானே? டாக்டரைக் கேட்டேன். ஓரிரு தரம் குடித்ததற்குக் கலங்க வேண்டாம், மாதக்கணக்கில் குடிப்பதுதான் ஆபத்து என்றார். ஆனால் அந்த வீட்டில் இது ஓரிரு தரத்தோடு நிற்குமா?

உனக்குத் தெரிந்ததையே மறுபடி எழுதுகிறேன், ஏனென்றால் உன் அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்தால் உனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. உன் ரத்தத்தில் இருக்கிற வைரஸ் தாய்ப்பால் வழியாகப் போகும். நீண்டகாலம் கொடுத்தால் நூறு குழந்தைகளில் பதினைந்து இருபது பேருக்கு. புட்டிப்பால் என்றால் மூன்று பேருக்கு. அப்படி வாங்கியவர்களில் சிலருக்கு வயதான பிறகு ரத்தப் புற்றுநோய். உடம்பிலிருந்து வைரஸை எடுக்க மருந்து கிடையாது. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் புட்டிப்பால் என்று முடிவு செய்தோம். அன்று என்னைவிட நீதான் தெளிவாக இருந்தாய். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கத்தைக் கண்டுபிடித்த ஆள் கிடைத்தால் என் முன்னால் நிறுத்து.

போன வாரம் நான் உங்கள் தீவுக்கு வந்தபோது பார்த்தேனே. மோச்சி அரிசிக் கொழுக்கட்டை போட்ட சூப், கெண்டை மீன் சூப் என்று பால் ஊறுவதற்கு வரிசையாக உன் முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அதைக் குடிக்கிறாய். அத்தை என்னிடம் திரும்பி, "என்ன மாப்பிள்ளை, கப்பலுக்கு டீசல் ரொப்புற மாதிரி எம் பேத்திக்கும் டப்பாவுலேருந்து ரொப்பணுமா? பால் சொட்டுது, புள்ள அழுவுது, நடுவுல உங்க டப்பா எதுக்கு? இவ மூணு வருசம் எம்பால் குடிச்சவ. பக்கத்து வீட்டுக்காரி செத்தப்ப அவ புள்ள கெய்தாவுக்கும் நான்தான் குடுத்தேன். ரெண்டும் கல்லு மாதிரி நிக்குதுங்க, பாருங்க" என்றார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நாம் பேசி வைத்தபடி, டப்பாப் பால் என் முடிவு என்று சொல்லி, "படிச்ச திமிரு" என்ற பட்டத்தையும் வாங்கிக்கொண்டு படகு ஏறினேன்.

அந்தப் பொய் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடு. வைரஸ் உன் பாட்டியிடமிருந்து அத்தைக்கு, அத்தையிடமிருந்து உனக்கு. அந்தக் காலத்தில் தீவில் யாருக்கும் தெரியாது, யார் மேலும் குற்றமில்லை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். நீ சொல்லாவிட்டால் சனிக்கிழமை வந்து நான் சொல்வேன்.

காய்ச்சல் மாத்திரையை வேளை தவறாமல் போடு.

தத்சுரோ


வெள்ளி

சிகுசாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. "அஞ்சு நிமிசத்துல சொல்லிடலாங்க. அப்புறம் அம்மா உக்காந்து எண்ணுவாங்களே. முதல்ல அவங்க கூடப் பொறந்த மசாயோஷி மாமா ரத்தப் புத்துநோய்ல போனதை. அப்புறம் என்னை. அப்புறம் கெய்தாவை. அவங்க வாழ்க்கையில பெருமையாச் சொல்லிக்கிறது அந்த ஒண்ணுதான். அதைப் பிடுங்கிட்டுக் கையில என்ன குடுப்பீங்க?" என்று கேட்டிருக்கிறாய்.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு உன் கேள்வியை மறுபடி மறுபடி படித்தேன்.

ஆனால் நாகி பதிலுக்காகக் காத்திருக்க மாட்டாள். இந்த வைரஸ் புருஷனிடமிருந்து மனைவிக்கும் வரும். என் ரத்தத்தில் அது இல்லை என்பது உனக்கும் எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். நாளை வந்து உண்மையைச் சொல்லப் போவதில்லை. அத்தைக்கு இன்றே எழுதி, இந்தத் தபாலோடு சேர்த்துப் போடுகிறேன். அவர்கள் கேட்டால் மறுக்காதே. எதுவும் பேச வேண்டாம், அழுதால் போதும்.

கெய்தாவுக்கு யார் எப்போது சொல்வது என்று தெரியவில்லை. பிறகு பார்ப்போம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவனுக்கும் கல்யாணமாகிப் பிள்ளை பிறக்கும்.

தத்சுரோ


வெள்ளி

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மழை வலுத்திருக்கும் இந்நாட்களில் தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? கடல் கொந்தளிப்பால் படகுகள் சரியாக ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். சிகுசாவையும் குழந்தையையும் இரவும் பகலும் பார்த்துக்கொள்கிறீர்கள். நேரில் நன்றி சொல்லத் தெரியாதவன் நான், எழுத்திலாவது சொல்கிறேன்.

சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நாகிக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. சிகுசாவின் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது. அது பால் வழியாகக் குழந்தைக்குப் போகும். கர்ப்பப் பரிசோதனையில் தெரிந்தது. அது அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்றும் கேட்பீர்கள். எதற்கும் பதில் சொல்ல மாட்டேன். இவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று தாங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை.

டப்பாப் பால் என் திமிர் என்று தாங்கள் நினைத்திருந்தபோது சிகுசா வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் என் மானம்தான். அவளைத் தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரியிலும் போய் விசாரிக்க வேண்டாம். தீவு சிறியது, பேச்சு பரவும். தாங்களோ வேறு யாருமோ ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. வந்த வழி தெரிந்துவிட்டது, அது நான்தான்.

பசித்து அழுகிற குழந்தைக்குப் பக்கத்திலேயே பால் கட்டி வலிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நாகியைத் தங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். புட்டியைத் தாங்களே பிடித்துக் கொடுங்கள். சிகுசாவால் அதைச் செய்ய முடியவில்லை.

என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஊர் முழுக்கச் சொன்னாலும் சரி. ஆனால் தாங்கள் கொடுத்த எதனாலும் எந்தக் குழந்தைக்கும் எந்தக் கெடுதலும் வந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து நம்புங்கள்.

தங்கள் மருமகன்,
தத்சுரோ