பேரிக்காய்ப் பெட்டியும் உன் அம்மாவும்

பூண்டி
12.11.1961

அன்பு மகள் தமயந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே மழையும் பனிமூட்டமும் நலம், அவற்றுக்கு அடுத்தபடியாக நானும் அம்மாவும் நலம். ஜாம்ஷெட்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. கேரட் பாதி அழுகிவிட்டது, என் முழங்காலும் அதே பக்குவத்தில் இருக்கிறது. தைக்கு வருவதாக நீ எழுதியிருந்ததை அம்மாவுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். போன வருஷம் அவள் காது அடைத்துப்போனதிலிருந்து எங்கள் குடித்தனம் சிலேட்டில்தான் நடக்கிறது. "வாயசைக்கிற மகளைப் பாத்துக்கிட்டு உக்கார எனக்குத் தெம்பு இல்ல, வரவேணாம்னு எழுதிப் போடுங்க" என்றாள். எழுத மனம் வராமல் வேறு சோலி தேடிக்கொண்டேன்.

பேச்சில்லாத வீட்டில் காதுக்கு ஏதாவது வேண்டுமே என்று, பேரிக்காய்ப் பெட்டிப் பலகையில் ஒரு கூடு அடித்து, பன்றிக்குக் கண்ணி வைக்கும் கம்பியை அதன்மேல் இழுத்து முறுக்கினேன். கம்பி தனியாக அதிர்ந்தால் கொசுவுக்குக்கூடக் கேட்காது, பலகையும் சேர்ந்து அதிர்ந்து காற்றைத் தள்ளினால்தான் ஓசை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். என் வாத்தியம் 'தொப்' என்றது. பக்கத்துக் காட்டு நல்லசாமி, "கண்ணிய எடுத்துட்டீங்களே வாத்தியாரே, பன்னி பாட்டுக் கேட்டா சாகும்?" என்றான். பலகை ஈரம் குடித்திருந்ததுதான் கோளாறு. விதைப்பூண்டோடு அதையும் அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டேன்.

நேற்று அம்மா பூண்டை இறக்கினாள். இரண்டு கையிலும் பூண்டுக் கட்டு, பெட்டியை நெஞ்சோடு தாடையால் அழுத்திக்கொண்டு வந்தாள். விழப்போகிறதென்று பிடிக்கப் போனேன், விரல் கம்பியில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள். "இன்னொருக்கா தட்டுங்க" என்றாள். காதின் வாசல் அடைத்திருந்தாலும் தாடை எலும்பு வழியாக அதிர்வு உள்ளே போகிறது போலிருக்கிறது. பௌதிகப் புத்தகத்தில் இதற்கு இரண்டு வரி உண்டு. நான் பலகையின் மறுமுனையில் வாயை வைத்து, "வீரம்மா" என்று கூப்பிட்டேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு என் குரலுக்கு அவள் சொன்ன முதல் பதில், "கத்தாதீங்க, கேக்குது." அதன்பிறகு ஒரு வருஷத்துக் கேள்விகளும் வரிசையாக வந்தன. ஒரு வரி எழுதித் தப்பிக்கச் சிலேட்டில் இருந்த சௌகரியம் பெட்டியில் இல்லை.

உன்னை வரவேண்டாம் என்றதை அவள் திரும்ப வாங்கவில்லை, ரோஷக்காரி. ஆனால் இன்று வெள்ளனே எழுந்து கம்பியைக் கழற்றச் சொன்னாள். "பேசயில நடுவுல இரையுது. புள்ள பேச்சு தெளிவாக் கேக்க வேணாமா?" என்றாள். கழற்றி நல்லசாமியிடமே கொடுத்துவிட்டேன். என் சங்கீதம் அதோடு முடிந்தது.

நீங்கள் இருவரும் நோய்நொடியின்றி நிறைவாக வாழ எங்கள் ஆசீர்வாதம். தைக்கு வரும்போது தடித்த கம்பளி எடுத்து வா. வாசலில் நின்று கூப்பிடாதே, நேரே உள்ளே வந்து பலகையில் வாயை வைத்துப் பேசு. பூண்டு வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
திருமலைச்சாமி