சத்துவாச்சாரி வீட்டுச் சுவரில் பதினோரு வட்டங்கள்

என் அருமை சாலமன்,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆம்பூர் ஃபேக்டரியில் நம்மோடு வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் "அன்னார்" என்றே ஆரம்பித்தது. நீ பார்த்தால் சிரிப்பாய். அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் இருந்து படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. வேலூர் சத்துவாச்சாரியில் உன் பக்கத்து வீடு திரும்பவும் காலியாகிவிட்டது.

அதே வீடுதான். நான் நம் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு மாறிப்போய், அங்கிருந்து ரிட்டயர் ஆன நாள் முதல் நீ போனில் சொல்லிக்கொண்டே இருந்த வீடு. "குரோம்பேட்டைல மூணாவது மாடில இன்னாடா வெச்சிருக்கிற? கீழ் வூடுடா இது. வந்துடு. காலைல ஒண்ணா நடக்கலாம்." யோசித்துச் சொல்கிறேன் என்பேன். நிஜமாகவே யோசித்தேன். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, வேலூருக்கு வருவதில் உள்ள நன்மைகளை இடது பக்கமும் சிரமங்களை வலது பக்கமும் எழுதிக்கொண்டு வந்தேன்.

இடது பக்கத்தில் முதல் வரி உன் பெயர். அதற்குக் கீழே, பெரிய ஆஸ்பத்திரி பக்கம், சத்தம் கம்மி, படி ஏற வேண்டாம். வலது பக்கத்தில் வேலூர் வெயில், பிறகு இங்கே விட்டுவிட்டு வர வேண்டிய பழகிய நூலகம், வாயில் பழகிய பல் டாக்டர். மகள் தாம்பரத்தில் இருக்கிறாள், கூப்பிட்டால் அரை மணியில் வருவாள். கடைசியாகச் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. புது மனிதர்களோடு பழக எனக்கு வராது.

இடதில் ஒரு வரி சேர்ந்தால் வலதில் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவேன். மகள் கேலி செய்வாள். "நீங்க முடிவு பண்றதுக்குள்ள வேலூரும் சென்னை மாதிரியே ஆயிடும்ப்பா."

அப்படியே இரண்டு வருஷம் போனது. நீயும் போய்விட்டாய். அடக்கம் முடிந்து ரயிலில் திரும்பி வந்த மறுநாள் நோட்டை எடுத்தேன். உன் பெயரை அடித்துவிட வேண்டும், அதுதான் முறை. பேனாவைத் திறந்தேன், மூடினேன். முன்பே வந்திருந்தால் உன்னோடு எத்தனை காலை நடந்திருப்பேன், சாலமன்? இந்தக் கேள்வியை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நான் வேலையிலும் இப்படித்தான் இருந்தேன், உனக்குத் தெரியும். படித்தவன் என்று எக்ஸ்போர்ட் ஷூவுக்கான தோலின் தரம் பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். வடக்கு ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம், கையில் சாக்பீஸ். உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கிழித்த கோடு, உரிக்கும்போது கத்தி பட்ட ஓட்டை எல்லாவற்றையும் சுற்றி வட்டம் போடுவேன். வட்டம் போட்ட தோல் உன் கட்டிங் மேசைக்கு வரும். நீ வெட்டும் அச்சை அந்த வட்டங்களுக்கு நடுவில் இப்படி வைத்து, அப்படித் திருப்பி, ஷூவுக்கு வேண்டிய துண்டுகளை எடுத்துவிடுவாய்.

ஒரு முறை ஒரு தோலில் இருபது வட்டத்துக்கு மேல் போட்டுவிட்டு, எனக்கே கூச்சமாகி, உன்னிடம் வந்து நின்றேன். இதைத் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். நீ அதை மேசையில் விரித்துப் பார்த்தாய்.

"நீ வட்டம் போடு தேவா. ஜாஸ்தியாவே போடு. வட்டம் இருந்தாத்தான் எங்க அச்சு வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாய். "ஆனா போட்டுட்டு எழுந்து போயிடாத. வட்டம் இல்லாத இடத்தையும் என்கூட நின்னு பாரு."

அன்று நின்று பார்த்தேனா? நினைவில்லை. அடுத்த தோலை எடுக்கப் போயிருப்பேன்.

போன மாதம் உன் சம்சாரம் எஸ்தர் போன் செய்தாள். நீ போன பிறகு அவளாக எங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அண்ணே, பக்கத்து வூடு காலி. சும்மா வந்து பாருங்க. அண்ணியையும் கூட்டிக்கினு வாங்க. நோட்டு எடுத்தாந்தாலும் பரவால்ல."

சரோஜாவைக் கூட்டிக்கொண்டு போவதே ஒரு வேலை. உன் காலத்திலேயே அவளுக்கு முழங்கால் வலி இருந்தது, இப்போது ஜாஸ்தி. டாக்டரிடம் போக வேண்டுமென்றால்தான் மாடி இறங்குவாள். காய்கறிக்காரம்மா கீழே நின்று குரல் கொடுத்தால், இவள் பால்கனியிலிருந்து கயிறு கட்டிய கூடையை இறக்குவாள். எங்களுக்கு அது பழகிப் போய்விட்டது. பழகிப் போனது எனக்கு மட்டும்தானா என்று நான் கேட்டதில்லை.

காலை பத்து மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். தோலோ வீடோ, ட்யூப் லைட்டில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம் என்பது என் எண்ணம். ஹாலில் வடக்குச் சுவரில் ஈரம் இருந்தது. சட்டைப் பையில் கை போனது, பழக்க தோஷம், சாக்பீஸ் இருந்தது. ஈரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பிறகு விரிசல், சமையலறையில் ஓதம், பாத்ரூம் வாசலில் தடுக்கும் படி. அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா சார், எங்க வூட்டை எக்ஸ்போர்ட் பண்ணப் போறீங்களா?"

நான் கர்ச்சீப்பை எடுத்து அழிக்கப் போனேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வுடுங்கண்ணே. அவர் இருந்திருந்தா இந்நேரம் சாக்பீஸைப் புடுங்கி வெளில போட்டிருப்பாரு" என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தேன்.

எண்ணிப் பார்த்தேன். பதினோரு வட்டம். சரோஜாவிடம் காட்டலாம் என்று திரும்பினால் அவளைக் காணோம். படுக்கை அறையில் இல்லை, பின்பக்கம் இல்லை. வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியிலிருந்து அவள் நடந்து வந்துகொண்டிருந்தாள். மெதுவாக, ஒரு கையால் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு, தனியாக.

"எங்க போன?"

"கடைக்குங்க."

கையில் ஒரு தீப்பெட்டி.

"தீப்பெட்டி எதுக்கு? நம்ம வீட்ல லைட்டர் இருக்கே."

"இருக்கு. கடைக்காரர் என்ன வேணும்மான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் தோணல. தீப்பெட்டின்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "வாசல் திறந்திருந்துச்சு. இறங்கப் படி இல்ல, தெரு அப்படியே எதிர்ல இருந்துச்சு. நடந்துட்டேன்."

எத்தனை வருஷமாக அவள் ஒரு கடைக்கு நடந்து போகவில்லை? எனக்குத் தெரியவில்லை, சாலமன். இரண்டு வருஷம் எழுதிய நோட்டில் நாற்பது வரிக்கு மேல் இருக்கும். "படி ஏற வேண்டாம்" என்று ஒரு வரி இருக்கிறது, அதுகூட நான் ஏறுவதை நினைத்து எழுதியது. என் வெயில், என் நூலகம், என் பல். அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளிடம் நோட்டைக் காட்டியதும் இல்லை.

எஸ்தர் டீ போட்டாள். அவள் வீட்டு ஸ்டவ்வில் லைட்டர் வேலை செய்யவில்லை. சரோஜா தன் தீப்பெட்டியை நீட்டினாள். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி வெகு நேரம் சிரித்தார்கள். நான் டம்ளரோடு பக்கத்து வீட்டுக்கே திரும்பிப் போய், ஹால் நடுவில் நின்றேன். வட்டம் இல்லாத இடத்தைப் பார்த்தேன். ஈரச் சுவரை விட்டு நாலடி தள்ளிக் கட்டில் போடலாம். பாத்ரூம் படியில் ஒரு கைப்பிடி வைக்கலாம். வாசலுக்கு நேராக நாற்காலி போட்டால் சரோஜாவுக்குத் தெரு முழுக்கத் தெரியும்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். மகள் தூரமாகிவிடுவாள், விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் வாடியதைப் பார்த்தேன். வேலூர் வெயில் இந்த உடம்பை என்ன செய்யுமோ. எல்லாவற்றையும் விட, நீ கூப்பிட்டபோது வராமல், நீ இல்லாத ஊருக்கு இப்போது வருகிறேனே, இது சரியா? அந்தப் பக்கத்துச் சுவரில் உன் செருமல் கேட்காது. அதுதான் தோலின் நடுவிலேயே விழுந்த ஓட்டை. அதற்கு எவ்வளவு பெரிய வட்டம் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் வீட்டுக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். "சுவரைத் துடைச்சுட்டு வெள்ளை அடிச்சுத் தர்றேன் சார்" என்றார். சாமான் வைத்து முடிக்கும் வரை வட்டங்கள் அப்படியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆடி கழியட்டும் என்கிறாள் சரோஜா. ஆவணியில் வருகிறோம்.

வந்த மறுநாள் காலை நீ நடக்கும் அதே வழியில் நடப்பேன், சாலமன். கூட சரோஜா கடை வரைக்கும் வருவாள், எஸ்தர் வந்தால் அவளும். அப்படியே உன் கல்லறைக்கும் வருவேன். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். உன் பெயரை அதில் அடிக்கவில்லை, முதல் வரியிலேயே இருக்கிறது. அடிக்கவும் மாட்டேன்.

தாமதமாக வரும் உன் தோஸ்த்,
எஸ்தருக்கு அண்ணன்,
தேவராஜன்