வெற்றுத் தாளில் முதல் கையெழுத்து

இன்று காலை ஷிஃப்டுக்குப் போனபோது, கம்பெனி கேட்டில் பையைச் சோதிக்கிற பெண் உன் ஸ்கேலை வெளியே எடுத்துவிட்டாள். ஓரம் தேய்ந்து, எண்கள் பாதி அழிந்துபோன அந்த ஒரு அடி மர ஸ்கேல்தான். "இது இன்னாத்துக்குக்கா? இந்த வயசுல ஸ்கூலுக்குப் போறியா?" என்று சிரித்தாள். "கோடு போட" என்றேன். "இன்னா கோடு?" என்றாள். எனக்குப் பின்னால் நீளமாக வரிசை நின்றது. அப்புறம் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நேற்று சுதந்திர தினக் கிராம சபைக்கு எடுத்துப்போனதை வீட்டில் வைக்க மறந்திருக்கிறேன். நாள் முழுக்க லைனில் ஒயர் கட்டிக்கொண்டே அவளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க அது உனக்குச் சொல்ல வேண்டியதாக நீண்டுகொண்டே போயிற்று. அதனால்தான் இதை எழுதுகிறேன்டி.

நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். உன் வீடு மாதா கோயில் தெருவில், என் வீடு அதற்கு அடுத்த தெருவில். நீ வல்லம் வடகாலில் ஒரு கேன்டீனில் சப்பாத்தி போட்டாய், நான் ஒரகடத்தில் லைனில் நின்றேன். எனக்கு வாய் நீளம், உனக்குப் பொறுமை நீளம் என்பார் உன் வீட்டுக்காரர். பொறுமையா அது? உடும்புப் பிடி. எந்த ஆபீசில் மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் இடத்தை விட்டு நகரமாட்டாய். "குடுத்தேன்னு நான் சொன்னா ஆச்சா? வாங்கினேன்னு அவங்க சொல்லணும்ல?" என்பாய்.

எல்லாம் தொடங்கியது அந்த மே தினக் கிராம சபையில். நீ அன்று மாமியாரை டாக்டரிடம் காட்டத் தாம்பரம் போயிருந்தாய். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். நூறு நாள் வேலைப் பெண்களையும் மகளிர் குழுப் பெண்களையும் கூட்டி உட்கார வைத்து, தீர்மான நோட்டில் மேல்பாதியை வெற்றாக விட்டு, கீழே கையெழுத்து வாங்குவார்கள். தீர்மானத்தைக் கிளார்க் பிறகு நிதானமாக எழுதிக்கொள்வார். அது தப்பு என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. வெயில் ஏறும், டீயும் மிக்சரும் வரும், போட்டுவிட்டுக் கிளம்புவோம். செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்துவிடுமே என்ற அவசரத்தில் நான் போட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். அந்தப் பக்கத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.

மூன்று மாதத்தில் மெயின் ரோட்டின் நடுச்சுவரில், நம் ஊர்த் திருப்பத்துக்கு எதிரே இருந்த இடைவெளியை அடைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளி, லாரி நிறுத்துகிற இடத்துக்கு எதிரே புதிதாகத் திறந்தார்கள். பள்ளிக்கூடமோ ரோட்டுக்கு அந்தப் பக்கம். பிள்ளைகள் முதலில் பையை எறிந்துவிட்டுச் சுவர் ஏறிக் குதித்தார்கள். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. அவளோடு படித்த பெண் ஒருத்தி ஒரு நாள் அப்படிக் குதித்தபோது கன்டெய்னர் லாரி மோதி ஒரு காலை இழந்தாள். அடுத்தது என் பிள்ளையோ என்று பயந்தேன்.

ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. போலீஸ் நம்மை வேனில் ஏற்றிப் படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம்வரை வைத்திருந்தது. முந்தின நாள் கல்யாணத்துப் பூ அலங்காரம் மேடையில் இன்னும் பிரிக்காமல் கிடந்தது. எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ, "பந்தி போட்டாச்சி, பொண்ணு மாப்பிளயத்தான் காணோம்" என்றாய். காவலுக்கு நின்ற பெண் போலீஸே சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் பத்துப் பேராக ஹைவேஸ் ஆபீசுக்குப் போனோம். அதிகாரி கோபப்படவே இல்லை. ஒரு ஜெராக்ஸ் தாளை நம் பக்கம் நகர்த்தினார். இடைவெளியை மாற்றி அமைப்பதில் பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நம் கிராம சபை தீர்மானித்திருக்கிறதாம். கீழே வரிசையாகக் கையெழுத்துகள். "நீங்களே சம்மதிச்சிட்டு நீங்களே ரோட்ல உக்காந்தா எப்டிம்மா?" என்றார். வரிசையில் முதலாவது என்னுடையது.

வெளியே வந்ததும், "அது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லிடறேன். எவனோ போட்டுட்டான்" என்றேன். கூட வந்தவர்களும் அதுதான் சரி என்றார்கள். நீ மட்டும் என் கையைப் பிடித்தாய்.

"இன்னாடி பேசற? நீ போட்டத நீயே போடலன்னா, நாளைக்கு அவங்க செஞ்சத செய்யலன்னு சொல்லுவாங்க. அப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு கேப்ப?"

"மானம் போவுதுடி."

"போவட்டும். புள்ளைங்க உசுரு போறதுக்கு, உன் மானம் போனா தேவல."

அப்போது உன்மேல் வந்த ஆத்திரத்துக்கு உன்னை அடித்திருப்பேன். ஆனாலும் உள்ளே போனேன். "போட்டது நான்தான் சார். பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு போட்டுட்டேன். நான் போடறப்போ மேல ஒரு எழுத்துகூட இல்ல, வெத்துத் தாள்" என்றேன். பின்னால் ஒருத்தி, "நானும் அப்டித்தான் சார்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. எல்லாரும் சொல்லி முடித்தார்கள். அவர் அந்த ஜெராக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எழுதிக் கொடுங்கள், ஆனால் கிராம சபை போட்டதைக் கிராம சபைதான் மாற்ற வேண்டும் என்றார். நீ அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாய். ரசீது வாங்கினாய்.

காந்தி ஜெயந்திக் கூட்டத்துக்கு இந்த ஸ்கேலோடு வந்தாய். கிளார்க் வழக்கம்போல நோட்டை நீட்டினார்.

"எழுதுங்க, படிங்க, அப்பால போடறோம்" என்றாய்.

பஞ்சாயத்துத் தலைவருக்கு முகம் சிவந்தது. "இன்னாம்மா, எங்க மேல நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்க கீது தலைவரே. அத்தத்தான் நோட்ல எழுதச் சொல்றேன்."

சபையே சிரித்தது, கிளார்க் எழுதினார். பழைய தீர்மானம் ரத்து, பாதசாரிகள் கடக்க வழி வேண்டும். படித்துக் காட்டியபின் கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டாய். எல்லாரும் கையெழுத்துப் போட்டபின் அதற்குக் கீழே இன்னொரு கோடு. இனி அதில் எவரும் எதையும் நுழைக்க முடியாது.

அதற்குப் பிறகும் எத்தனை அலைச்சல்! சட்டசபைத் தேர்தல் வந்தபோது பையன்கள் வாசலுக்கு வாசல் கறுப்புக் கொடி கட்டி, ஓட்டுப் போடமாட்டோம் என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். "ஓட்டு போடாதவன எவன்டி தேடி வருவான்? ஓட்டு ஒரு நாளு, கேக்கறது அஞ்சு வருசம். அந்த ஒரு நாள உட்டுட்டா அஞ்சு வருசம் எதுக்குன்னு போயி கேப்ப?" என்று நீ சண்டை போட்டாய். கொடிகள் இறங்கின. ஓட்டுக் கேட்டு வந்த ஒவ்வொரு வேட்பாளரிடமும் தீர்மான நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கினாய். ஜெயித்தவர் சட்டசபையில் கேள்வி கேட்டார். பரிசீலனையில் உள்ளது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. "இதுக்கா இவ்ளோ அலைஞ்சோம்?" என்றேன். நீயோ அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து, "இப்ப அவங்க பேச்சும் நம்ம கைல கீது பாரு" என்றாய்.

அந்தப் பரிசீலனை முடிவதற்குள் உன் மார்பில் வந்த கட்டி முந்திக்கொண்டது. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, "வர்ற கூட்டத்துக்கு நீ எத்துகினு போ, நான் வந்து வாங்கிக்கறேன்" என்று ஸ்கேலைக் கொடுத்தாய். பாவி, வாங்கிக்கொள்ள வரவேயில்லை. உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றுகூட எனக்கு அழுகை வரவில்லை. அடுத்த கூட்டத்தில் கோடு போடும்போதுதான் வந்தது. கோடு வளைந்துவிட்டது.

நீ போன மறுவருஷம் நடுச்சுவரில் வழி திறந்து சிக்னல் வைத்துவிட்டார்கள். நம் ஊர்த் திருப்பத்தில் பட்டனை அழுத்தினால் நடப்பவர்களுக்குப் பச்சை விழுகிறது. முதல் நாள் ஒருவர் அதற்குத் தேங்காய் உடைத்தார், உங்கள் கோயில் பெண்கள் ஜெபம் பண்ணினார்கள். ஆனால் கேள், அந்தப் பச்சை சாதாரண ஆள் வேகமாக நடந்தால் மட்டும் போதுமானது. கால் போன அந்தப் பெண் என் மகளோடு இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். ஊன்றுகோலோடு அவள் பாதி ரோட்டைத் தாண்டும்போதே சிவப்பு விழுந்துவிடுகிறது. இரண்டு பேரும் நடுவில் நிற்க, இருபக்கமும் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. யாருக்காகக் கேட்டோமோ அவளுக்கே போதாத பச்சை. அதற்குத்தான் நேற்று தீர்மானம், நேரத்தைக் கூட்டக் கோரி.

புதுக் கிளார்க், சின்ன வயசு. "நீங்கதான்கா முன்ன நிக்கறீங்க, மொதல்ல போடுங்க" என்று நோட்டை என் முன் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மே தினத்தில் பஸ்ஸும் இல்லை, ஷிஃப்டும் இல்லை. மே தினத்துக்கு எந்தக் கம்பெனி ஓடியது? தலைவர் அத்தனை பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டு, "படிச்ச பொண்ணு, நீ மொதல்ல போடு, உன்னப் பாத்து மத்தவங்க போடுவாங்க" என்றார். அவ்வளவுதான். உச்சி குளிர்ந்துபோய்ப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் பின்னால்தான் மற்ற எல்லாரும் வந்தார்கள்.

நேற்றுக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து, அன்று ஆபீசில் நீ எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னதெல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது, வரிக்கு வரி. பஸ் மட்டும் இல்லை. அந்த மே தினத்தில் உன் கேன்டீனுக்கும் லீவு, அதனால்தானே தாம்பரம் போனாய். தெரிந்தே விட்டுவிட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை, பொய்யை எழுதவும் இல்லை.

நேற்று முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எல்லாரும் போட்டபின் கடைசியாக நான் போட்டேன். கீழே கோடு நேராகத்தான் விழுந்தது. நாளைக் காலை கேட்டில் அந்தப் பெண் எப்படியும் கேட்பாள். பஸ்ஸை விட்டுவிட்டு மீதியைச் சொல்வேன்.