மாத்திக்காம வா

வாண்டுவுக்கு,

நிலைப்படியில் தலை இடிக்கிற அளவு வளர்ந்தாலும் எனக்கு நீ வாண்டுதான், கோபித்துக்கொள்ளாதே. அன்று ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். எனக்கு மறதி வந்துவிட்டது என்று இந்த வீட்டில் ஒரு பேச்சு ஓடுகிறது. சோபாவின் நடுவில் நான். என் வலது பக்கம் என் மகள், உன் அத்தை. அவள் பக்கத்தில் அவள் புருஷன், கால்மேல் கால் போட்டு, பாதி சோபாவைத் தானே பிடித்துக்கொண்டு. பின்னால் நின்றது உன் அம்மாவும் உன் அப்பாவும். தரையில் சம்மணம் போட்டு உன் தம்பி. எதிரில் குடும்பப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர். என் தண்ணீர்ச் சொம்பு படத்தில் விழுகிறது என்று தூக்கி எங்கேயோ வைத்தார், அது அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைக்க இரண்டு நாள் ஆனது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, கடைசியாக உள்ளே வந்தது நீ.

உடம்புக்கு நான் சுகம். முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் அம்மா பாத்திரத்தை எவ்வளவு லட்சணமாகக் கழுவுகிறாள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒன்று கேட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார், மறுபடி எல்லோரும் சேர்ந்து படம் எடுக்கப் போகிறோம் என்று கூப்பிட்டதற்கு நீ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. “வந்தா என்ன போட்டுக்கிட்டு வரட்டும் பாட்டி?” என்று கேட்டாய். மூன்று வயதிலேயே இரண்டு கவுனை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, கீழே இருக்கிறதும் தெரிய வேண்டும் என்று மேலே இருக்கிறதைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் ஓடியவள் நீ. உடை விஷயத்தில் நீ யாரையாவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

உடனே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இங்கே போன் உன் அப்பா கையில். அவனே நம்பரைப் போட்டு, அவனே ஸ்பீக்கரில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே, “சாதாரணமா ஏதாவது போட்டுக்கிட்டு வாம்மா, போதும்” என்றான். நீயும் சரிப்பா என்று வைத்துவிட்டாய். அந்தச் “சரிப்பா” இன்னும் என் காதில் நிற்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். நிறுத்தியது யார் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது வேறு கதை.

அன்று படத்துக்கு நீ போட்டு வந்தது எனக்கு இப்போதும் கண்முன் நிற்கிறது. முட்டி வரைக்கும் நீளச் சட்டை. ஒரு கை பச்சை, ஒரு கை ஆரஞ்சு. முதுகில் பூப்போட்ட துணி. தாத்தாவின் பழைய கோட்டிலிருந்து பிரித்த பெரிய கறுப்புப் பொத்தான்கள். தெருமுனை தையற்கடையில் கெஞ்சி வாங்கிய துண்டுத் துணிகள், ஒரு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தைத்தாய். இது என்னடி என்று கேட்டதற்கு, “இதைப் போட்டா கையை எங்க வெச்சுக்கறதுன்னு யோசிக்க வேண்டாம் பாட்டி” என்றாய். அப்போது எனக்கு அது புரியவில்லை. பருமனாக, உயரமாக இருக்கிற பெண் கூட்டத்தில் நிற்கும்போது தன்னை எங்கே ஒளித்து வைப்பது என்று தவிக்கிறதை நான் எங்கே கண்டேன்? நான் பிறந்ததிலிருந்து குச்சி.

உன் அத்தை உன்னைப் பார்த்ததும், “ஏண்டி, தையற்கடைத் தரையைக் கூட்டி அள்ளி அப்படியே போட்டுக்கிட்டு வந்துட்டியா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். “ஆமா அத்தை, மூட்டை இன்னும் பாக்கி இருக்கு, உங்களுக்கும் மாமாவுக்கும் ஜோடியா தைக்கட்டுமா?” என்று கேட்டாய். மாமா இருமுகிற மாதிரி வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் சத்தமாகவே சொன்னேன். பாட்டிக்குக் கண்ணில் புரை என்று அதற்கும் ஒரு சிரிப்பு. போகட்டும். அதுவரைக்கும் நீ நேராகத்தான் நின்றாய்.

அப்புறம்தான் உன் அப்பா பேசினான். சத்தம் போடவில்லை. திட்டவில்லை. உன் தோளில் கைவைத்து, ரொம்பப் பாசமாக, “படம் காலத்துக்கும் சுவத்துல இருக்கும்மா. போய் மாத்திட்டு வா” என்றான். உன் முகத்தை நான் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தவளை எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. உன் அம்மாவின் சாம்பல் நிறச் சுடிதாரில், தோள்பட்டை பிடிக்க, நீ திரும்பி வந்தாய். அந்தப் படம் இப்போதும் ஹாலில்தான் தொங்குகிறது. அதில் நீ உன் இடது முழங்கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்.

அடுத்த வருஷம் வெளிநாட்டில் வேலை கிடைத்தது என்று போனாய். போனவள் போனவள்தான். நீ அனுப்புகிற படங்களை, என்னைப் பார்த்துக்கொள்ள வருகிற நர்ஸம்மா தன் போனில் பெரிதாக்கிக் காட்டுவாள். எல்லாவற்றிலும் கறுப்பு, இல்லாவிட்டால் சாம்பல். ஆபீஸில் எல்லோரும் இப்படித்தான் என்று சொல்கிறாய். இருக்கலாம். ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கடைசிப் படத்தில், கறுப்புப் பேன்ட்டுக்குக் கீழே, ஷூவுக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு உன் சாக்ஸ் தெரிந்தது. ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. நர்ஸம்மா அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பாள் என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நீ தைத்துக் கொடுத்த நைட்டி கிழிந்துவிட்டது, ஆனால் அதில் நீ வைத்த பாக்கெட்டைப் பிரித்து வேறொன்றில் தைத்துக்கொண்டேன். கண்ணாடி, மாத்திரை, சாவி எல்லாம் அதில்தான். பாக்கெட் வைத்த நைட்டியா என்று உன் அம்மா முகம் சுளித்தாள். இப்போது தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டாள். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் பாட்டி என்று இந்த எழுபத்தெட்டு வயசில் என்னைக் கேட்ட ஆள் நீ ஒருத்திதான். உன் தாத்தா நல்ல மனுஷன், அவரும் கேட்டதில்லை. ஹாலுக்குள் யாராவது நுழைந்தால் முதலில் அவர்கள் துணியைப் பார்க்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரி வருகிறார்கள். வீடு வெளுத்துக் கிடக்கிறது.

உன் அத்தையை நான் மன்னித்துவிட்டேன். போன மாதம் வந்தபோது, அன்று வாயடக்கம் இல்லாமல் பேசிவிட்டேன் அம்மா, பிள்ளை வராமல் போனதற்கு நான்தான் காரணமோ என்று மூக்கைச் சிந்தினாள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். சுடிதாரை இஸ்திரி போட்டு எடுத்து வந்த உன் அம்மாவையும் மன்னித்தாயிற்று, அவள் சொன்னதைச் செய்கிறவள். சொம்பை ஒளித்த போட்டோக்காரரைக்கூட விட்டுவிட்டேன்.

ஆனால் போனை வைத்ததும் உன் அப்பாவிடம் கேட்டேன், அன்று அப்படிச் சொன்னாயே என்று. “நானா? எப்பம்மா?” என்றான். நடிக்கவில்லை. உண்மையாகவே அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நீ கடல் தாண்டிப் போயிருக்கிறாய், அவன் அதை வாயைத் துடைத்த மாதிரி துடைத்துவிட்டான். ஞாபகமே இல்லாதவனை எதைச் சொல்லி மன்னிக்கிறது? அவன் உனக்கு அப்பா, நீ மன்னித்துக்கொள், அது உன் மனசு.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உனக்கு எது வேண்டுமோ அதைப் போட்டுக்கொண்டு வா. விமானத்திலிருந்து இறங்கியதும் வழியில் எங்கேயும் நின்று மாத்திக்காம வா. பகல் வண்டியாகப் பார்த்து வா, வெளிச்சத்தில் நான் உன்னைப் பார்க்க வேண்டும். புதுக் கண் எத்தனை நாளைக்கோ. உன் கையும் காலும் உனக்குச் சொந்தமாக, நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அப்பாவை மட்டும் இன்னும் மன்னிக்காத
உன் பாட்டி