நெப்டியூன் எங்கள் பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே புகைமூட்டம். காயப்போட்ட துணியில் எரிந்த வாசனை. லிஃப்ட் மறுபடியும் படுத்துவிட்டது.

அம்மாவை ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். புதிதாகச் சூரியக் குடும்ப நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஏரியைச் சுற்றி ஒவ்வொரு கோளுக்கும் ஒரு தூண், உண்மையான தூரத்தைச் சுருக்கி, அதே விகிதத்தில். அப்படித்தான் பலகை சொல்கிறது.

பூங்கா எங்கள் பிளாட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஆனால் நடுவில் வேலி. வேலியில் ஒரு கேட். கேட்டில் பூட்டு. பூட்டியவர்கள் பூங்காவை ஒட்டியுள்ள தாமான்காரர்கள், தனி வீட்டுக் குடியிருப்பில் இருப்பவர்கள். திருட்டு பயமாம். அதனால் நாங்கள் பெரிய சாலையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஓரத்தில் நடக்க இடமில்லை, லோரி உரசிக்கொண்டு போகும். அம்மா வேலை செய்யும் பள்ளிக்கூடக் கேண்டீன் அந்தத் தாமானில்தான். தினமும் விடியுமுன், இருட்டில், அதே சாலை. போன மாதம் ஒரு மோட்டார் இடித்து முழங்கைத் தோல் உரிந்தது. ஓட்டியவன் நிற்கக்கூட இல்லை.

சூரியன்: மஞ்சள் உருண்டை, பெரிய தர்பூசணி அளவு. பூமி: கண்ணாடிக்குள் ஒரு புள்ளி. மிளகைவிடச் சின்னது. அம்மா குனிந்து பார்த்தார்.

"இதுதான் நாமளா?"

"ஆமா."

"இத்துனூண்டுக்குள்ள போயி எவன்டி கேட்டு போட்டுப் பூட்டுனான்?"

பலகையில் மலாய், ஆங்கிலம். தமிழ் இல்லை. வழக்கம்தான். நான் படித்துச் சொன்னேன்.

சனி தூணுக்கு முன்னால் ஓர் அகல் விளக்கு. அணைந்திருந்தது. கருகிய எள் முடிச்சு, தரையெல்லாம் எண்ணெய். நேற்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றினார்.

"ம்மா, இது கோயில் இல்ல. அலுமினியம்."

"நீ ஒன் வேலையப் பாரு. சனி சனிதான்." கும்பிட்டு முடித்துவிட்டு, "ராகு கேது எங்கடி, காணோம்?"

"பட்ஜெட் பத்தலையாம்."

சனியிலிருந்து யுரேனஸ் வரவே மாட்டேன் என்றது. அம்மா வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தார். பிறகு நெப்டியூன். அது மட்டும் உடனே வந்துவிட்டது. வேலியோரம், பூட்டிய கேட்டை ஒட்டி. அந்தப் பக்கம் எங்கள் பிளாட்டு, எங்கள் துணிகள்.

"சீக்கிரம் வந்துருச்சே, நல்லதாப் போச்சு" என்றார் அம்மா.

நல்லதா? பலகையில் தூரங்கள் இருக்கின்றன. ஃபோனில் கணக்குப் போட்டேன். சனியிலிருந்து யுரேனஸுக்கு நடந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக நடந்தால்தான் நெப்டியூன் வரவேண்டும். நாங்கள் அதில் பாதிகூட நடக்கவில்லை.

பூங்கா முடிந்த இடத்தில் கோளை நட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேலிக்கு ஏற்றபடி சூரியக் குடும்பத்தையே வெட்டியிருக்கிறார்கள்!

மீதித் தூரம் எங்கே போய் முடியும்? கேட்டுக்கு வெளியே. லோங்காங் சாக்கடைமேல் இருக்கும் பாலத்தைத் தாண்டி. எங்கள் பக்கம்.

ஜூலை 7, திங்கள்

ரயில் தாமதம். பி.ஜே. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சூப்பர்வைசர் முகம் உம். நாள் முழுக்க இன்சூரன்ஸ் ஃபோன். கோபப்படும் மனிதர்களிடம் "புரிகிறது சார்" என்று சொல்லச் சம்பளம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு கோபக்காரியாக மாறினேன். சூரியன் பலகையில் பிழைகளைத் தெரிவிக்க ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. எழுதினேன்: உங்கள் நெப்டியூன் பொய். அது இருக்கவேண்டிய இடத்தில் ஏழைகள் இருக்கிறார்கள். அதனாலா?

மரியாதையாக எழுதியிருக்கலாம். அனுப்பிவிட்டேன்.

வாங்க: பல்பு, கோதுமை மாவு, அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 9, புதன்

பதில் நேற்று இரவே வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: "எனக்குத் தெரியும். தினமும் அதை நினைத்துத்தான் தூக்கம் கெடுகிறது. சந்திக்கலாமா?"

வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை. பதில் எழுதியவள் மெய் லிங். என் வயதுதான் இருக்கும். வரைபடம் போடும் வேலை, ஓய்வு நேரத்தில் தொலைநோக்கி. நடைபாதையை வடிவமைத்தது அவள்தான், சம்பளமில்லாமல். சண்டை போடத் தயாராகப் போனேன். அவள் எனக்கு முன்னாலேயே சண்டையில் இருந்தாள்.

"கடைசி நேரத்துல நகராண்மைக் கழகத்துல சொல்றாங்க, வேலிக்கு வெளிய நட முடியாதுன்னு. அப்ப எல்லாத்தையும் இன்னும் கிட்டக் கிட்ட வைங்கன்னேன். தூண் எல்லாம் நட்டாச்சு, ஒண்ணுதானே தப்பு, யாரு பாக்கப் போறான்னுட்டாங்க லா." இதெல்லாம் ஆங்கிலத்தில். கோபம் வந்தால் மலாய்.

லேப்டாப்பைத் திறந்து வரைபடம் காட்டினாள். சூரியனிலிருந்து ஒரு சிவப்புக் கோடு. ஏரி, வேலி, கேட், பாலம். கோடு முடியும் இடத்தைப் பெரிதாக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சி பிளாக், குப்பை அறைக்குப் பக்கத்தில், மோட்டார் நிறுத்துமிடம். மணியம் அண்ணே வண்டி வைக்கும் இடம்!

கேட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவின் முழங்கையைப் பற்றியும். அவள் தே தாரிக் கிளாஸைத் தள்ளிவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை தாமான் சங்கக் கூட்டம். கழகத்துலேருந்து அதிகாரி வர்றாரு. நானும் வரணும். நீயும் வா."

"நான் அந்தத் தாமான் ஆள் இல்லையே."

"நெப்டியூனும்தான் இல்ல."

ஜூலை 13, ஞாயிறு

மழை. தாமான் மண்டபத்தில் குளிரூட்டி, தட்டில் கறிபப்பு. அம்மா நுழைவாசலிலேயே தயங்கினார். கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எல்லாரும் டாக்டர் அங்கிள் என்கிறார்கள். நம் ஆள்தான். அதுதான் எரிச்சல்.

மெய் லிங் வரைபடத்தைத் திரையில் காட்டி, தூணை இடம் மாற்றவேண்டும், கேட்டைத் திறக்கவேண்டும் என்றாள். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பொய்யான தூரத்தைப் படித்துவிட்டுப் போவார்கள், தன் பெயர் அந்தப் பலகையில் இருக்கிறது என்றாள்.

டாக்டர் அங்கிள் தமிழுக்கு மாறினார். என்னைப் பார்த்தபடி.

"யம்மா, நான் நம்ப ஆளுங்களுக்கு எதிரா பேசல. நானே நம்ப ஆளுதான். ஆனா கேட்டத் தொறந்தா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும். தொறக்காமலேயே பாரு, சனிகிட்ட வெளக்கு கொளுத்தி, எண்ணெ ஊத்தி, பார்க்கையே நாசம் பண்ணி வெச்சிருக்காங்க. யாரு? தாமான்லேருந்தா வந்தாங்க?"

எழுந்துவிட்டேன். "அங்கிள், பிளாட்டுலேருந்து ஒருத்தர் வந்து வெளக்கு போடணும்னா பெரிய ரோட்ட சுத்திக்கிட்டு வரணும். எங்கம்மா அந்த ரோட்டுலதான் தெனமும் வேலைக்கி வராங்க. ஒங்க பேரப் புள்ளைங்களுக்கு மீ கோரெங் போடறது அவங்கதான். அடிபட்டுட்டு வந்து போட்டாங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் சாப்பாடு மட்டும் வரலாம், ஆளு வரக்கூடாதா?"

அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காருடி."

அப்போது முன்வரிசையில் ஒரு ஆன்டி. வெள்ளை டிராக்சூட், கழுத்தில் தாலிச் சங்கிலி, கையில் பாதிக் கறிபப்பு. திரும்பாமலேயே சொன்னார்.

"வெளக்கு நான் வெச்சது டாக்டர்."

மீதிக் கறிபப்பைத் தட்டில் வைத்தார்.

"என் மவனுக்கு அஷ்டமத்துச் சனி. கோயிலுக்குப் போனா கார் வைக்க எடமில்ல. இங்க பக்கத்துலயே சனி இருக்காரு, நடந்துட்டு அப்படியே ஏத்திட்டு வரேன். எண்ணெ சிந்துனது தப்புதான், தொடச்சிடறேன். அதுக்காக பிளாட்டு ஆளுங்க மேல பழி போடாதீங்க லா."

பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். கழக அதிகாரிகூட. யாரோ மொழிபெயர்த்திருக்கவேண்டும். டாக்டர் அங்கிள் கண்ணாடியைத் துடைத்தார், நீண்ட நேரம்.

முடிவு: மூன்று மாதச் சோதனை. தூண் மாறும். கேட் திறக்கும். மோட்டார் நுழையாதபடி வளைவுக் கம்பி போடுவார்கள். மாடுகளுக்குப் போடுவதுபோல. பரவாயில்லை.

நேரம்: காலை ஏழு முதல் மாலை ஏழு.

ஏழு! அம்மா அப்போது இரண்டாவது சட்டி மீ கிளறிக்கொண்டிருப்பார்.

கூட்டம் கலைந்துவிட்டது. அதிகாரியைத் துரத்திக்கொண்டு ஓடினேன். கார் கிளம்பிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, அதே சாலையோரம், மழைத் தண்ணீரில் கால் வைத்தபடி: "போற வழிக்கி இல்லாட்டியும் வர்ற வழிக்கி ஆச்சுல்ல. விடு."

விடமுடியாது. வெளிச்சத்தில் நடக்கவா இவ்வளவு கத்தினேன்?

ஜூலை 15, செவ்வாய்

அழைப்பில் இருக்கும்போது வாடிக்கையாளரிடம் "ஏழு மணிக்கா?" என்று கத்திவிட்டேன். அவர் கேட்டது ஏழாம் பக்கத்தைப் பற்றி. எச்சரிக்கைக் கடிதம் வரலாம்.

கழகத்துக்கு ஃபோன். யாரும் எடுக்கவில்லை.

மெய் லிங்: "சங்கம்தான் நேரத்தை முடிவு செய்யணுமாம். சாவி அவங்ககிட்ட." அந்தக் கிழட்டுப் பூட்டுக்குச் சாவி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஜூலை 19, சனி

வானம் கொஞ்சம் தெளிவு. பள்ளி விடுமுறை. அம்மாவும் நானும் விடிகாலையிலேயே, பெரிய சாலை வழியாக, பூங்காவுக்கு. எதிர்பார்த்தபடி ஆன்டி அங்கே. விமலா ஆன்டி. இந்த முறை விளக்குக்கு அடியில் எவர்சில்வர் தட்டு.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "ஆன்டி, ஏழு மணிக்கித் தொறந்தா எங்கம்மாவுக்குப் பிரயோசனமே இல்ல."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கும்புட்டு முடிக்க வுடுடி மொதல்ல!"

ஆன்டி நிதானமாகத் திரியைத் தூண்டினார். பிறகு அம்மாவிடம், "எத்தனை மணிக்கி வேலைக்கி?"

"அஞ்சரைக்கி வீட்ட விட்டுக் கெளம்பணும்."

"நான் அஞ்சரைக்கி நடக்க வந்துருவேன். தூக்கமே வர்றதில்ல. சாவிய நான் வாங்கிக்கறேன்."

"டாக்டர் குடுப்பாரா?" என்றேன்.

"அவர் பொண்டாட்டியும் நானும் ஒண்ணா யோகா போறோம். குடுப்பாரு."

பிறகு இரண்டு பேரும் சனியைச் சுற்றிவிட்டு, ஆன்டியின் மகனைப் பற்றி, அமையாத சம்பந்தங்களைப் பற்றி, முட்டிவலியைப் பற்றி. நான் பெஞ்சில். பசி. அரை மணி நேரம் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

தாமான்காரர்கள் எல்லாரையும் ஒரே சட்டியில் போட்டு வறுத்துக்கொண்டிருந்தேன் இத்தனை நாள். இப்போதும் பாதிப்பேரை வறுக்கலாம்.

ஆகஸ்ட் 2, சனி

வெயில். தூண் வந்துவிட்டது.

மெய் லிங் அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு சூரியனிலிருந்து நடந்து வந்தாள். கேட்டுக்கு வந்ததும் நின்றாள். டாக்டர் அங்கிளே சாவியோடு நின்றிருந்தார். துருவேறிப் பூட்டு திரும்பவில்லை. கழகத்து ஆள் இரும்பு வெட்டியைக் கொண்டுவந்து நறுக்கினான். புதுப் பூட்டின் சாவி விமலா ஆன்டி கைக்குப் போனது. அங்கிள் என்னிடம், "பாத்து நடந்துக்குங்கம்மா." வாயில் வந்ததை விழுங்கினேன். அம்மா பக்கத்தில் இருந்தார்.

சக்கரம் பாலத்தைத் தாண்டி சி பிளாக்கில் நின்றது. மணியம் அண்ணே கையைக் கட்டிக்கொண்டு தன் வண்டியின் முன்னால்.

"இங்கயா? வேற கெரகமே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"அண்ணே, ரெண்டடி தள்ளி வைங்க."

"ஏன், அது ரெண்டடி தள்ளக்கூடாதா?"

மெய் லிங் பதறி, "டாக் போலே, டாக் போலே!" முடியாது, முடியாது என்று இரண்டு கையையும் ஆட்டினாள். மேலே ஜன்னல்களில் சிரிப்பு. கடைசியில் அண்ணே தள்ளினார். முணுமுணுத்துக்கொண்டே சிமெண்ட் குழைக்கவும் உதவினார்.

இந்தப் பலகையில் மட்டும் தமிழும் உண்டு. நான் எழுதிக்கொடுத்த நான்கு வரி. மற்ற தூண்களுக்கும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். ஒரு மூதாட்டி நின்று முழுதும் படித்துவிட்டு, "சூரியன் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். கேட் வழியாகக் கையைக் காட்டினேன். கிளம்பிப் போனார்!

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். அம்மா வழக்கம்போல இருட்டிலேயே கிளம்பினார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். பாலத்தில் அவர் டார்ச், கேட்டருகே இன்னொரு டார்ச். இரண்டும் கொஞ்ச நேரம் நின்று பேசின. பிறகு ஒன்று உள்ளே போனது.

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஃபோன். பதறி எடுத்தேன்.

"ஏய், வந்து சேந்துட்டேன்டி."

"அதுக்குள்ளயா?"

"கேண்டீன் இன்னும் தொறக்கல. காவலுக்கு இருக்கற ஜாகா அண்ணேகூட கொட்டாவி வுட்டுக்கிட்டு இருக்காரு. ஒரு ஆளு இல்ல. இப்ப என்னடி பண்றது நானு?"

சும்மா உட்காரும்மா என்றேன்.